சட்டசபை மாளிகையில் சாத்தான் சிலை!

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. சோளம் விளையும் பூமி. அதன் தலைநகர் டெ மாயின். அங்கே உள்ள சட்டசபை மாளிகையின் வட்டக் கோபுரத்துக்குத் தங்கத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். தூரத்தில் வரும்போதே அது கண்ணைப் பறிக்கும்.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த மாளிகைக்குள் ஒரு சிலை வைக்கப்பட்டிருந்தது. ஆட்டுக்கடாவின் தலை. வளைந்த கொம்புகள். சிவப்பு அங்கி. எதிரே மெழுகுவத்தி விளக்குகள். பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஏழு விதிகள் எழுதியிருந்தன.

அது சாத்தான் சிலை!

டிசம்பர் 14-ந் தேதி ஒருவர் உள்ளே வந்தார். சிலையைக் கீழே தள்ளினார். தலையைத் துண்டித்தார். துண்டித்த தலையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு தாமாகவே போலீசாரிடம் போய்த் தம்மை ஒப்படைத்துக்கொண்டார்.

அவர் முரடர் அல்ல. படித்தவர். ராணுவத்தில் விமானம் ஓட்டியவர். மிசிசிப்பி ராஜ்யத்தில் தேர்தலுக்கு நின்றவர். "கடவுளின் வார்த்தைக்குத்தான் என் மனச்சாட்சி கட்டுப்படும், அதிகாரிகளின் உத்தரவுக்கு அல்ல" என்பது அவர் கட்சி.

சட்டசபை மாளிகைக்குள் சாத்தான் எப்படி வந்தான்? அவனை உள்ளே விட்டது யார்? அந்தச் சிலையை அடியோடு வெறுத்த கவர்னரே அதை ஏன் எடுக்கச் சொல்லவில்லை?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டுமானால், பலகையில் எழுதியிருந்த ஏழு விதிகளைப் பார்க்க வேண்டும். முக்கியமாக நாலாவது விதியைப் பார்க்க வேண்டும்.

சாத்தானை நம்பாத சாத்தான் பக்தர்கள்

சிலையை வைத்தவர்கள் "சாத்தான் கோவில்" என்ற சங்கத்தார்.

பெயரைக் கேட்டதும் பயம் வருகிறது அல்லவா? நடுநிசி பூஜை, ரத்த பலி, மண்டை ஓடு என்றெல்லாம் நினைக்கத் தோன்றும்.

ஆனால் இவர்கள் சாத்தானை நம்புவதே இல்லை! பேய் இல்லை, பிசாசு இல்லை, நரகம் இல்லை, கடவுளும் இல்லை என்பது இவர்கள் கொள்கை.

பிறகு சாத்தான் பெயர் எதற்கு?

சாத்தான் ஆதியில் ஒரு தேவதூதன். கடவுளை எதிர்த்துக் கலகம் செய்து வீழ்ந்தவன் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். 1667-ம் ஆண்டு மில்டன் என்ற ஆங்கிலக் கவி ஒரு பெரிய காவியம் வெளியிட்டார். "இழந்த சொர்க்கம்" என்பது அதன் பொருள். அந்தக் காவியத்தில் சாத்தான் கம்பீரமான கலகக்காரனாக வருகிறான். அநியாயமான அதிகாரத்துக்குப் பணியாதவன் என்பதற்கு அடையாளமாக அவன் பெயரை வைத்துக்கொண்டதாக இந்தச் சங்கத்தார் சொல்கிறார்கள்.

2013-ம் ஆண்டு முதல் இந்தச் சங்கத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியது. 2016-ம் ஆண்டு சேலம் நகரில் தலைமை நிலையம் திறந்தார்கள்.

சேலம் என்றதும் மாம்பழத்துக்குப் பேர்போன நம் சேலம் என்று நினைத்துவிடக் கூடாது! அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்திலும் ஒரு சேலம் உண்டு. அதற்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 1692-ம் ஆண்டு அங்கே சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் என்ன? சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்பதுதான்!

சாத்தான் பெயரைச் சொல்லி மனிதரைக் கொன்ற அதே ஊரில் இன்று சாத்தான் கோவில் இருக்கிறது. முன்னே அது இறந்தவர்களுக்கு ஈமக் காரியம் நடத்தித் தரும் நிலையமாக இருந்த பழைய வீடு. 2019-ம் ஆண்டு அமெரிக்க வருமான வரி இலாகா இந்தச் சங்கத்தை ஒரு மதச் சபை என்று ஒப்புக்கொண்டது. கிறிஸ்தவ சர்ச்சுகளுக்கு உள்ள வரி விலக்கு இதற்கும் கிடைத்தது.

இன்னொரு விஷயம். "சாத்தான் சபை" என்று வேறொரு கூட்டமும் உண்டு. அது மூத்தது. 1966-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆன்டன் லாவே என்பவர் அதைத் தொடங்கினார். அவர் தம் வீட்டுக்குக் கறுப்பு வர்ணம் அடித்தவர். 1969-ம் ஆண்டு சாத்தான் பைபிள் என்று ஒரு புத்தகமும் வெளியிட்டார். தன் சுகம், தன் பெருமை, அடித்தால் திருப்பி அடி என்பது அவர் போதனை. 1997-ம் ஆண்டு அவர் இறந்தார்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒத்துப் போவதில்லை. புதிய சங்கத்தார் உண்மையான சாத்தான் பக்தர்களே அல்ல என்கிறார்கள் பழைய சபையார்!

ஏழு விதிகள்

புதிய சங்கத்தின் ஏழு விதிகள் என்ன? சுருக்கமாகப் பார்ப்போம்.

1. எல்லா உயிரிடத்தும் இரக்கம் காட்டு. ஆனால் அறிவோடு காட்டு.

2. நியாயத்துக்காகப் போராடு. சட்டத்தையும் ஸ்தாபனங்களையும் விட நியாயம் பெரிது.

3. உன் உடம்பு உன்னுடையது. அதில் இன்னொருவர் விருப்பம் செல்லாது.

4. பிறர் சுதந்திரத்தை மதி. உன் மனம் புண்படும்படி பேசும் சுதந்திரமும் அதில் அடக்கம். இன்னொருவர் சுதந்திரத்தை வேண்டுமென்றே, அநியாயமாகப் பறித்தால், உன் சுதந்திரத்தை நீயே கைவிட்டவன் ஆவாய்.

5. விஞ்ஞானம் காட்டும் உண்மைக்கு ஏற்றபடி உன் நம்பிக்கையை வைத்துக்கொள். உனக்குப் பிடித்தபடி விஞ்ஞானத்தைத் திரிக்காதே.

6. மனிதர் எல்லோரும் தவறு செய்வார்கள். தவறு செய்தால் அதைத் திருத்து. கெடுதல் நேர்ந்திருந்தால் அதைத் தீர்த்து வை.

7. இந்த விதிகள் நல்ல செயலுக்கு வழிகாட்டிகள். எழுத்தை விட இரக்கமும் அறிவும் நீதியுமே மேலானவை.

படித்துப் பார்த்தால், "இதில் சாத்தான் எங்கே?" என்று கேட்கத் தோன்றும். ஆறு விதிகளை எந்த மதத்துப் பெரியவரிடம் காட்டினாலும் பெரும்பாலும் தலையை ஆட்டுவார்.

நாலாவது விதியில்தான் தகராறு!

பிறர் மனம் புண்படப் பேசுவதும் ஒரு சுதந்திரமா? "யாகாவா ராயினும் நாகாக்க" என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் வீட்டில் இதை எப்படி ஏற்பது?

அவசரப்படாமல் அந்த விதியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "நீ போய்ப் பிறரைப் புண்படுத்து" என்று அதில் இல்லை. "பிறர் உன்னைப் புண்படுத்தினாலும் அவர் சுதந்திரத்தில் கை வைக்காதே" என்றுதான் இருக்கிறது. விதி பேசுகிறவனுக்கு அல்ல, கேட்கிறவனுக்கு!

சொல்வது சுலபம். கடைப்பிடிப்பது கஷ்டம். எவ்வளவு கஷ்டம் என்பதைச் சில சம்பவங்கள் காட்டும்.

கல் வந்தது, சாத்தானும் வந்தான்

ஓக்லஹாமா என்பது இன்னொரு ராஜ்யம். 2012-ம் ஆண்டு அங்கே சட்டசபை மாளிகைத் தோட்டத்தில் ஒரு பெரிய கல்லை நாட்டினார்கள். அதில் பைபிளில் உள்ள பத்துக் கட்டளைகள் பொறிக்கப்பட்டிருந்தன. கல்லுக்கு ஆன செலவு தனியார் பணம். நட்ட இடம் சர்க்கார் நிலம்.

"சர்க்கார் நிலத்தில் ஒரு மதத்துக்கு இடம் கொடுத்தால் எல்லா மதத்துக்கும் கொடுக்க வேண்டும்" என்று சாத்தான் கோவிலார் கிளம்பினார்கள். "எங்கள் சிலையையும் கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்" என்று மனுப் போட்டார்கள்.

மனுப் போட்டது அவர்கள் மட்டும் அல்ல. நெவாடா ராஜ்யத்தில் வசிக்கும் ஓர் இந்துத் தலைவர், "அப்படியானால் அனுமார் சிலைக்கும் இடம் வேண்டும்" என்று கேட்டார்!

சாத்தான் கோவிலார் பொதுமக்களிடம் பணம் வசூலித்தார்கள். 28 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வெண்கலத்தில் சிலை வார்த்தார்கள். எட்டரை அடி உயரம். சுமார் ஒரு டன் எடை. ஆட்டுத் தலை, முதுகில் இறக்கைகள். இரு பக்கமும் ஒரு பையனும் ஒரு பெண் குழந்தையும் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பாபமெட் என்பது அந்த உருவத்தின் பெயர். 1850-களில் எலிபாஸ் லேவி என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்தது.

சிலை தயார். ஆனால் அதை வைக்கும் வேலை வரவில்லை.

2015-ம் ஆண்டு ஜூன் மாதம் ஓக்லஹாமா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. "சர்க்கார் சொத்தை எந்த மதத்துக்கும் உபயோகிக்கக் கூடாது என்று இந்த ராஜ்யத்தின் அரசியல் சட்டம் சொல்கிறது. கல்லை எடுங்கள்" என்பது தீர்ப்பின் சாரம். 7 நீதிபதிகள் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம். அக்டோபர் மாதம் ஓர் இரவில் கல் அகற்றப்பட்டது.

"கல் போய்விட்டது. இனி எங்கள் சிலையும் அங்கே வேண்டாம்" என்று சாத்தான் கோவிலார் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஜூலை மாதமே டெட்ராய்ட் நகரில் ஒரு நடுராத்திரியில் சிலையைத் திறந்து வைத்திருந்தார்கள். எதிர்ப்புப் பலமாக இருந்ததால் இடத்தைக் கடைசி வரை ரகசியமாக வைத்திருந்தார்கள். இப்போது அந்தச் சிலை சேலம் கோவிலில் இருக்கிறது.

காரால் மோதியவர்

இந்தக் கதையில் அடிபட்டது சாத்தான் சிலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பத்துக் கட்டளைக் கல்லும் அடிபட்டது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை!

2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓர் இரவில், ஒருவர் காரை ஓட்டிக்கொண்டு வந்து ஓக்லஹாமா கல்லின் மேல் மோதினார். கல் துண்டு துண்டானது. புதுக் கல் செய்து வைத்தார்கள். கோர்ட்டு எடுக்கச் சொன்னது அந்தப் புதுக் கல்லைத்தான்.

பக்கத்து ராஜ்யம் ஆர்க்கன்சா. 2017-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி அங்கே லிட்டில் ராக் நகரில் இதே போன்ற கல்லை நாட்டினார்கள். மறுநாள் விடிவதற்குள் ஒரு கார் சீறி வந்தது. கல் தூள்!

காரில் இருந்தவர் யார்? ஓக்லஹாமாவில் மோதிய அதே மனிதர்! அவர் சாத்தான் பக்தர் அல்ல. ஏசுநாதரை நம்புகிற கிறிஸ்தவர். "மதத்தையும் சர்க்காரையும் சேர்க்கக் கூடாது" என்பது அவர் எண்ணம். "சுதந்திரம்!" என்று கத்திக்கொண்டே மோதினார். அவர் மனநோயாளி என்று கோர்ட்டு கண்டது. அதனால் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பியது.

2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே மறுபடியும் கல் நாட்டினார்கள். இந்தத் தடவை முன்னால் கார் மோத முடியாதபடி தூண்களும் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் சாத்தான் கோவிலார் தங்கள் வெண்கலச் சிலையை லாரியில் ஏற்றி அந்த மாளிகை முன் கொண்டு வந்தார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். எதிரே கிறிஸ்தவர்கள் நின்று ஜெபம் செய்தார்கள். கூட்டம் முடிந்தது. சிலை லாரியிலேயே திரும்பிப் போயிற்று. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை!

காரால் மோதியவரின் சுதந்திரம் கல்லை உடைத்தது. லாரியில் வந்தவர்களின் சுதந்திரம் யாரையும் உடைக்கவில்லை. நாலாவது விதியின் இரண்டு பாதிகளும் இந்த ஒரே தோட்டத்தில் தெரிந்தன.

சர்வகலாசாலையில் சண்டை

2014-ம் ஆண்டு மே மாதம். ஹார்வர்டு சர்வகலாசாலை. உலகப் பிரசித்தி பெற்ற கல்விக்கூடம்.

அங்கே ஒரு மாணவர் சங்கம், "கறுப்புப் பூசை" என்ற சடங்கை நடித்துக் காட்டப் போவதாக அறிவித்தது. சாத்தான் கோவிலார் வந்து நடத்துவதாக ஏற்பாடு. கறுப்புப் பூசை என்றால் கத்தோலிக்கரின் திருப்பலியைக் கேலி செய்யும் சடங்கு.

பாஸ்டன் வட்டாரத்துக் கத்தோலிக்கர்கள் கொதித்துவிட்டார்கள். அவர்களுக்குத் திருப்பலியில் கொடுக்கும் அப்பம் சாதாரண அப்பம் அல்ல, ஏசுநாதரின் உடல். அதைக் கேலி செய்தால் மனம் புண்படாதா? 60 ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டுத் தடை கேட்டார்கள். "பூசை செய்த அப்பத்தை உபயோகிக்க மாட்டோம்" என்று நடத்துகிறவர்கள் சொல்லியும் கோபம் அடங்கவில்லை.

அப்போது சர்வகலாசாலையின் தலைவராக இருந்தவர் டிரூ பாஸ்ட் என்ற அம்மையார். அவர் என்ன செய்தார்?

"இது அருவருப்பானது, மரியாதை கெட்டது" என்று வெளிப்படையாகச் சொன்னார். "ஆனால் பேச்சுச் சுதந்திரம் எங்கள் கொள்கை. தடை போட மாட்டேன்" என்றும் சொன்னார். "அன்று மாலை நான் கத்தோலிக்கர்களின் ஜெபத்தில் கலந்துகொள்வேன்" என்றார். சொன்னபடியே செயின்ட் பால் சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தார். கத்தோலிக்கர்களும் ஊர்வலமாக அந்தச் சர்ச்சுக்கு வந்தார்கள். இடம் கொள்ளாத கூட்டம்.

கடைசியில் மாணவர் சங்கம் பின்வாங்கியது. சர்வகலாசாலை இடத்தில் சடங்கு நடக்கவில்லை. சாத்தான் கோவிலார் சிலர் பக்கத்தில் இருந்த ஒரு சீன உணவு விடுதியின் மாடியில் ஏதோ நடத்திவிட்டுப் போனார்கள்.

அந்த அம்மையார் தடை போடவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னார். தாம் யார் பக்கம் என்று காட்டச் சர்ச்சுக்கே போனார். சாத்தான் பெயரையே விரும்பாத அவர், சாத்தான் கோவிலின் நாலாவது விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்!

மகனை இழந்த தகப்பனார்

கேலிச் சடங்கைப் பொறுப்பது ஒரு கஷ்டம். சாவு வீட்டில் ஏச்சைப் பொறுப்பது?

கான்சாஸ் ராஜ்யத்தில் வெஸ்ட்பரோ என்று ஒரு சிறிய கிறிஸ்தவச் சபை உண்டு. ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் சேர்ந்து வாழ்வதை அமெரிக்கா பொறுத்துக்கொள்கிறதாம். அதனால் கடவுள் கோபித்துக்கொண்டு போர்க்களத்தில் சிப்பாய்களைக் கொல்கிறாராம். இதுதான் அந்தச் சபையின் பிரசாரம். சிப்பாய்களின் சவ அடக்கம் நடக்கும் இடங்களுக்குப் போய், "செத்த சிப்பாய்களுக்காகக் கடவுளுக்கு நன்றி" என்ற அட்டைகளைத் தூக்கி நிற்பார்கள்.

2006-ம் ஆண்டு இராக்கில் ஓர் இளம் சிப்பாய் இறந்தார். மேரிலாண்டு ராஜ்யத்தில் சவ அடக்கம். அங்கேயும் இவர்கள் போனார்கள். தகப்பனார் மனம் நொறுங்கிப் போனார். வழக்குத் தொடுத்தார். கீழ்க் கோர்ட்டு அவருக்கு லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2011-ம் ஆண்டு 9 நீதிபதிகளில் 8 பேர் சபையின் பக்கம் தீர்ப்புக் கூறினார்கள்! அவர்கள் பொது ரஸ்தா ஓரத்தில், போலீசார் சொன்ன தூரத்தில், சடங்கைத் தடுக்காமல் நின்றார்கள். பேசியது பொது விஷயம். மனம் புண்பட்டது என்பதற்காகப் பேச்சைத் தண்டிக்க முடியாது என்றது கோர்ட்டு. ஒரே ஒரு நீதிபதி மட்டும், "துக்கத்தில் இருப்பவரைச் சொல்லால் அடிக்க எந்தச் சுதந்திரமும் இல்லை" என்ற கருத்தில் மாறுபட்டார்.

பேச்சுச் சுதந்திரத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்த விலையைக் கொடுத்தவர் மகனை இழந்த தகப்பனார்.

சாத்தான் கோவிலாருக்கும் இந்தச் சபையின் மேல் கோபம். 2013-ம் ஆண்டு அவர்கள் மிசிசிப்பி ராஜ்யத்துக்குப் போனார்கள். சபையை நிறுவிய பாதிரியாரின் தாயார் கல்லறை அங்கே இருக்கிறது. ஆண் ஜோடியையும் பெண் ஜோடியையும் அந்தக் கல்லறை மேல் முத்தமிடச் செய்து கேலிச் சடங்கு நடத்தினார்கள்.

மகன் செய்த காரியத்துக்கு, அதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே இறந்துபோன தாயார் என்ன செய்வாள்? "எல்லா உயிரிடத்தும் இரக்கம் காட்டு" என்ற முதல் விதி அன்று எங்கே போயிற்று?

முதல் விதியும் நாலாவது விதியும் ஒன்றுக்கொன்று காவல். முதல் விதி நம் வாய்க்குக் காவல். நாலாவது விதி நம் கைக்குக் காவல். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

தங்களுக்கே வந்த சோதனை

பிறரைப் புண்படுத்தியவர்களுக்கு, தாங்கள் புண்படும் நாளும் வந்தது.

சியாட்டில் வட்டாரத்தில் சங்கத்திலிருந்து சிலர் பிரிந்து போனார்கள். கிளையின் பேஸ்புக் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத் தலைவர்களைத் தாக்கி எழுதினார்கள். 2020-ம் ஆண்டு சாத்தான் கோவிலார் அவர்களில் 4 பேர் மீது வழக்குப் போட்டார்கள். பக்கத்தைப் பறித்தார்கள் என்பது ஒரு புகார். அவதூறு பேசினார்கள் என்பது இன்னொரு புகார். 2022-ம் ஆண்டு, தங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட "நியூஸ்வீக்" என்ற பிரபல பத்திரிகையின் மீதும் அவதூறு வழக்குப் போட்டார்கள்.

"புண்படுத்தும் சுதந்திரம் பேசியவர்கள், தங்களைப் பேசினால் கோர்ட்டுக்குப் போகிறார்களே!" என்று எதிரிகள் சிரித்தார்கள்.

சங்கத்தார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மனம் புண்படுவது வேறு, பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது வேறு. பொருளை எடுத்துக்கொள்வது அதைவிட வேறு. இந்த வித்தியாசத்தை அமெரிக்கச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் எது புண், எது பொய் என்று புண்பட்டவனே தீர்மானிக்க முடியாது. வலிக்கும்போது எல்லாமே பொய்யாகத்தான் தெரியும்!

மறுபடியும் அயோவா

இனி தலை போன சிலைக்கு வருவோம்.

அயோவா மாளிகையில் மதச் சங்கங்கள் மனுப் போட்டுப் பண்டிகைக் காட்சிகள் வைக்கலாம். அந்த முறைப்படி சாத்தான் கோவிலாரும் மனுப் போட்டார்கள். 2 வாரம் வைக்க அனுமதி கிடைத்தது. "இது சர்க்கார் வைத்தது அல்ல" என்ற அறிவிப்பும் அங்கே இருந்தது.

கவர்னர் கிம் ரெனால்ட்ஸ் அம்மையார். பழுத்த கிறிஸ்தவர். "இந்தச் சிலை முற்றிலும் ஆட்சேபகரமானது" என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. "சுதந்திர நாட்டில் ஆட்சேபகரமான பேச்சுக்குச் சிறந்த பதில், மேலும் பேசுவதுதான்" என்றார். எல்லோரும் தம்மோடு சேர்ந்து ஜெபிக்கும்படி அழைத்தார். மாளிகையில் ஏசு பிறப்புக் காட்சியும் இடம் பெறும் என்று நினைவூட்டினார்.

சட்டசபை அங்கத்தினர் ஒருவர் பாதிரியாரும் ஆவார். அவரும் அந்தச் சிலையை வெறுத்தார். ஆனால் எது நல்ல மதம், எது கெட்ட மதம் என்று சர்க்கார் தீர்மானிக்கத் தொடங்குவதை அவர் விரும்பவில்லை. இன்று சாத்தானை விரட்டும் சர்க்கார், நாளை தம் சபையையும் விரட்டலாம் அல்லவா? 1791-ம் ஆண்டு அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்த்த முதல் திருத்தம் இதற்காகத்தான் இருக்கிறது. சர்க்கார் ஒரு மதத்தை ஸ்தாபிக்கக் கூடாது. ஒரு மதத்தைத் தடுக்கவும் கூடாது என்பது அதன் விதி.

இப்படிப் பெரியவர்கள் பொறுத்துக்கொண்டிருந்தபோதுதான், வெளியூரிலிருந்து வந்தவர் தலையை வெட்டினார்.

முதலில் அவர் மீது சிறு வழக்குத்தான். 2024-ம் ஆண்டு ஜனவரி மாதம், மதத் துவேஷத்தால் செய்த குற்றம் என்று பெரிய வழக்காக மாற்றினார்கள். மே மாதம் சமரசம் ஏற்பட்டது. துவேஷக் குற்றத்தைக் கைவிட்டார்கள். சேதப்படுத்திய குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். சிறைத் தண்டனை இல்லை. 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. 855 டாலர் அபராதம்.

அவருடைய மனம் புண்பட்டது உண்மை. அதில் பொய் இல்லை. அவர் ஜெபம் செய்திருக்கலாம். எதிரே நின்று பேசியிருக்கலாம். பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். கவர்னர் காட்டிய வழி திறந்தே இருந்தது. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் அனுமதி முடிந்து சிலை தானே போயிருக்கும்!

அவர் வெட்டியதால் என்ன ஆயிற்று? அந்தச் சிலை இன்னும் பிரசித்தமாயிற்று. பலகையில் இருந்த ஏழு விதிகளையும் இன்னும் பலர் படித்தார்கள்.

பொறுமை எத்தனை நாள்?

கதை இதோடு முடியவில்லை.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சாத்தான் கோவிலார் அதே மாளிகையில் ஒரு விழா நடத்த அனுமதி கேட்டார்கள். இந்தத் தடவை அனுமதி மறுக்கப்பட்டது. சிறுவர்களுக்குத் தீங்கானது என்று காரணம் சொன்னார்கள். மறுத்ததே சரி என்றார் கவர்னர் ரெனால்ட்ஸ். முந்திய ஆண்டு, பேச்சுக்குப் பதில் பேச்சுத்தான் என்று சொன்ன அதே கவர்னர்!

அதே மாதம் நியூஹாம்ஷைர் ராஜ்யத்தின் தலைநகரான கான்கார்டிலும் ஏசு பிறப்புக் காட்சிக்குப் பக்கத்தில் சாத்தான் சிலை வைத்தார்கள். நகரசபை அனுமதி கொடுத்தது. சில நாளிலேயே யாரோ சிலையை உடைத்துப் போட்டார்கள்.

ஒரு தடவை பொறுப்பவர் மறு தடவையும் பொறுப்பார் என்பது நிச்சயம் இல்லை. கவர்னர் ஆனாலும் சரி, பாதிரியார் ஆனாலும் சரி, சாத்தான் கோவிலார் ஆனாலும் சரி. எல்லோருக்கும் இந்த விதி கசக்கிறது.

பிறரைப் புண்படுத்தாமல் பேசுவது நல்ல குணம். அதைத் தாய் தகப்பன் சொல்லித்தர வேண்டும். வாத்தியார் சொல்லித்தர வேண்டும். அது கத்தியால் வராது. பிறர் புண்படுத்தினால் கத்தியைத் தேடாமல் இருப்பதும் நல்ல குணம். அதையும் சொல்லித்தரத்தான் வேண்டும்.

பத்துக் கட்டளைக் கல்லைக் காரால் உடைத்தவரும், சாத்தான் சிலையைத் தலை வெட்டியவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவர் மனமும் புண்பட்டது. இருவரும் தாங்கள் செய்தது நியாயம் என்றே நம்பினார்கள்.

கல்லையும் சிலையையும் மறுபடி செய்துவிடலாம். சகிக்கும் பழக்கம் போய்விட்டால் அதைச் செய்து தர எந்தத் தச்சனும் இல்லை!